மாடு கன்று வீசியதும் மாலைக் காய்ச்சலும்: ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் நான்கு கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். என் கணவருக்கு வயது 44. மாசிக் கடைசியிலிருந்து, இரண்டு மாதத்துக்கும் மேலாக, அவருக்கு மாலையானால் காய்ச்சல் வருகிறது. இரவில் பனியன் நனைய வியர்க்கிறது. இடுப்பு வலியால் குனிந்து பால் கறக்க முடியவில்லை. டைபாய்டு என்று இரண்டு முறை மருந்து கொடுத்தார்கள். சில நாள் விட்டிருந்து மறுபடியும் காய்ச்சல் வந்தது. காச நோயாக இருக்குமோ என்று எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. கடைசியாகப் பார்த்த மருத்துவர், "வீட்டில் மாடு இருக்கிறதா, கன்று வீசியதா?" என்று கேட்டார். தை கடைசியில் ஒரு மாடு ஏழு மாதச் சினையில் கன்றை வீசியது உண்மைதான். இளங்கொடி விழாததால் என் கணவரே கையை விட்டு எடுத்தார். புரூசெல்லா பரிசோதனை 1:320 என்று வந்திருக்கிறது. இரண்டு மாத்திரைகளை ஆறு வாரம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். அதில் ஒன்று டிபி மாத்திரை என்று மருந்துக்கடையில் சொன்னதால் பயந்து இன்னும் தொடங்கவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகளும், நான்கு மாதக் கர்ப்பிணியான என் ஓரகத்தியும் இருக்கிறார்கள். இது என்ன நோய்? மருந்தைத் தொடங்கலாமா? மாட்டை என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேரில் பார்க்காத ஒருவருக்கு நோயை உறுதிசெய்து சொல்வது முறையல்ல. ஆனாலும், நீங்கள் எழுதியிருப்பவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, உங்கள் மருத்துவர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். தை கடைசியில் மாடு கன்று வீசியிருக்கிறது, அதாவது மாதம் நிறையும் முன்பே கன்று விழுந்திருக்கிறது. உங்கள் கணவர் கையை விட்டு இளங்கொடியை எடுத்திருக்கிறார். ஏறக்குறைய நான்கு வாரம் கழித்துக் காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. புரூசெல்லா கிருமி உடலுக்குள் போனபின் நோயாக வெளிப்படுவதற்குப் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். மாலையில் ஏறும் காய்ச்சல், இரவில் கொட்டும் வியர்வை, இடுப்பு வலி ஆகியவை இந்த நோயில் நாங்கள் அடிக்கடி காணும் கூட்டணி.

கால்நடைத் துறையினர் கன்று வீச்சு நோய் என்று சொல்லும் புரூசெல்லோசிஸ் இதுதான். பசு, எருமைகளில் புரூசெல்லா அபார்ட்டஸ் என்ற வகையும், வெள்ளாடு, செம்மறியாடுகளில் புரூசெல்லா மெலிடென்சிஸ் என்ற வகையும் பெரும்பாலும் காணப்படுகின்றன. இரண்டுமே மனிதரைத் தாக்கக்கூடியவை. ஆட்டு வகை சற்றுக் கடுமையாகவே தாக்கும். கன்று வீசிய மாட்டின் இளங்கொடி எனப்படும் நஞ்சுக்கொடியிலும் கருப்பை நீரிலும் வீசப்பட்ட கன்றிலும் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். கையில் உள்ள சிறு கீறல் வழியாகவும், கண்ணில் தெறிக்கும் நீர் வழியாகவும், மூச்சு வழியாகவும் அவை உள்ளே போகும். காய்ச்சாத பாலைக் குடிப்பவர்களுக்கு வாய் வழியாகவும் வரும். புல்லறுத்தும் கயிறு பிடித்தும் வெடித்துப்போன கையோடு, முழங்கை வரை உள்ளே விட்டு இளங்கொடியை எடுத்த ஒருவருக்கு இதைவிட நேரடியான தொற்று வழி வேறொன்றும் தேவையில்லை.

டைபாய்டு என்று இரண்டு முறை மருந்து கொடுத்தது ஏன் என்று நீங்கள் வருந்தலாம். டைபாய்டுக்காக எடுக்கும் வைடால் என்ற இரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்து டைபாய்டு என்று முடிவு செய்வது நம் ஊரில் ஊறிப்போன பழக்கம். டைபாய்டு பரவலாக உள்ள பகுதியில், முன்பு எப்போதோ வந்துபோன தொற்றினாலும் வேறு காய்ச்சல்களாலும் வைடால் அளவு உயர்ந்து காட்டலாம். சரியான மருந்து கொடுத்தும் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அதே பரிசோதனையை மீண்டும் எடுப்பதை விட்டுவிட்டு, நோயாளி என்ன தொழில் செய்கிறார், எந்த விலங்குகளோடு புழங்குகிறார், என்ன குடிக்கிறார் என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். உங்கள் மருத்துவர் கேட்ட அந்த ஒரு கேள்வி இல்லாவிட்டால், இன்னும் எத்தனை பரிசோதனை எடுத்தாலும் நோய் பிடிபட்டிருக்காது. நோயாளிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மாடு கன்று வீசியதை மருத்துவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். காய்ச்சலோடு எந்த மருத்துவமனைக்குப் போனாலும், கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிடுங்கள்.

இனி அந்த 1:320. இரத்தத்தின் தெளிநீரைப் படிப்படியாக 20 மடங்கு, 40 மடங்கு, 80 மடங்கு என்று நீர்க்கச் செய்து, ஒவ்வொரு குழாயிலும் கொல்லப்பட்ட புரூசெல்லா கிருமிகளைச் சேர்ப்பார்கள். உடல் இந்தக் கிருமிக்கு எதிர்ப்பொருளை உண்டாக்கியிருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். 320 மடங்கு நீர்த்த பிறகும் திரண்டிருக்கிறது என்பதே அந்த எண்ணின் பொருள். நோய்க்குறிகளோடு சேர்ந்து 1:160 அல்லது அதற்கு மேல் இருந்தால் புரூசெல்லோசிஸ் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அறிகுறி எதுவும் இல்லாத கால்நடை மருத்துவர்களுக்கும் மாடு வளர்ப்பவர்களுக்கும்கூடப் பழைய தொற்றினால் இந்த அளவு உயர்ந்திருப்பதுண்டு. வேறு சில கிருமிகளின் தொற்றும் இதேபோலத் திரளலைக் காட்டக்கூடும். ஆகவே எண்ணை மட்டும் வைத்து மருந்து கொடுப்பதில்லை. உங்கள் கணவரிடம் எண்ணும் இருக்கிறது, அறிகுறியும் இருக்கிறது, தொற்றின் வழியும் தெளிவாக இருக்கிறது.

இருந்தாலும், முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பாக நீங்கள் கேட்டுப் பெற வேண்டிய இரண்டு பரிசோதனைகள் இருக்கின்றன. முதலாவது இரத்தக் கல்ச்சர், அதாவது இரத்தத்தில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது. ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்டால் கிருமி வளரும் வாய்ப்பு குறைந்துவிடும் என்பதால், மருந்து தொடங்கும் நாளன்றே இரண்டு அல்லது மூன்று முறை தனித்தனியாக இரத்தம் எடுத்துக்கொள்வது நல்லது. இது மெதுவாக வளரும் கிருமி. இப்போதுள்ள தானியங்கி இயந்திரங்களில் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும் என்றாலும், சில நேரம் அதற்கு மேலும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். புரூசெல்லா சந்தேகம் என்று ஆய்வகத்துக்கு அனுப்பும் சீட்டில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். வளர்ந்த கிருமியைத் திறந்த மேசையில் கையாளும்போது அதை மூச்சில் இழுத்து ஆய்வகப் பணியாளர்களே நோயில் விழுந்திருக்கிறார்கள். எழுதியிருந்தால் அவர்கள் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்து வேலை செய்வார்கள். முடிவு வரும்வரை மருந்தை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. கல்ச்சரைப் பொறுத்தவரை, இரத்தம் கொடுத்த கையோடு தொடங்கிவிடலாம்.

இரண்டாவது, முதுகெலும்பின் கீழ்ப்பகுதிக்கும் அதோடு இடுப்பெலும்பு சேரும் மூட்டுக்கும் எடுக்கும் எம்.ஆர்.ஐ. குனிந்து பால் கறக்க முடியவில்லை என்ற உங்கள் வரி என்னைச் சற்று நிறுத்தியது. புரூசெல்லா மூட்டுகளையும் எலும்பையும் நாடிப்போகும் கிருமி. இடுப்பு எலும்பு முதுகெலும்போடு சேரும் மூட்டையும், கீழ் முதுகெலும்புகளையும் அது அடிக்கடி பாதிக்கிறது. எலும்பில் தங்கியிருந்தால் ஆறு வாரம் போதாது. குறைந்தது மூன்று மாதம் மருந்து வேண்டியிருக்கும், பெரும்பாலும் மூன்று மருந்துகள் சேர்ந்து. மருத்துவர் இதயத் துடிப்பில் வேறு ஒலி ஏதும் கேட்டால், ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோவும் எடுக்கச் சொல்வார். இந்த நோயில் இறப்பு மிகக் குறைவு. அப்படி நேர்ந்தால் அதற்குப் பெரும்பாலும் இதய வால்வில் கிருமி குடியேறியதே காரணமாக இருக்கும். இன்னொன்றையும் கூச்சப்படாமல் கணவரிடம் கேளுங்கள். விதைப்பையில் வலியோ வீக்கமோ இருந்தால் அதுவும் இந்த நோயின் பகுதியாக இருக்கலாம். ஆண்கள் அதைத் தாமாகச் சொல்வதில்லை.

டிபி மாத்திரை பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். ரிஃபாம்பிசின் காச நோய்க்கும் கொடுக்கப்படும் மருந்துதான். அதைக் கொடுத்ததால் உங்கள் கணவருக்குக் காச நோய் என்று ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1986-இல் பரிந்துரைத்த முறை இது: டாக்சிசைக்ளின் 100 மி.கி. காலையும் மாலையும், ரிஃபாம்பிசின் 600 முதல் 900 மி.கி. வரை நாளுக்கு ஒரு முறை, இரண்டும் ஆறு வாரம். இதற்கு இணையான மற்றொரு முறையில் டாக்சிசைக்ளினை அதே ஆறு வாரமும், கூடவே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியை இரண்டு அல்லது மூன்று வாரமும் கொடுப்பார்கள். ஸ்ட்ரெப்டோமைசினுக்குப் பதிலாக ஜென்டாமைசின் ஊசியை ஏழு முதல் பத்து நாள் கொடுப்பதும் உண்டு. ஊசி சேர்ந்த முறையில் நோய் திரும்பி வருவது சற்றுக் குறைவு. ரிஃபாம்பிசின் இரத்தத்தில் டாக்சிசைக்ளினின் அளவைக் குறைத்துவிடுவது அதற்கு ஒரு காரணம். ஆனால் தினமும் ஊசி போட நகரத்துக்குப் போய்வர வேண்டும். சிறுநீரகத்தையும் காதையும் கவனிக்க வேண்டும். ஆகவே மாத்திரையாகவே எழுதியதில் குறை காண்பதற்கில்லை.

அதே நேரத்தில், மருந்துக்கடைக்காரர் சொன்னதில் வேறொரு வகையில் உண்மை இருக்கிறது. இரண்டு மாதக் காய்ச்சல், இரவு வியர்வை, முதுகு வலி மூன்றும் முதுகெலும்புக் காச நோயிலும் வரும். மார்பு எக்ஸ்ரே நன்றாக இருந்தும் முதுகெலும்பில் காச நோய் இருக்கலாம். அப்படி இருந்து, காச நோய்க்குரிய மற்ற மருந்துகள் இல்லாமல் ரிஃபாம்பிசினை மட்டும் ஆறு வாரம் கொடுத்தால், காசக் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அதைக் குணப்படுத்துவது கடினம். நான் எம்.ஆர்.ஐ.யை வலியுறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம். அதில் ஐயம் ஏற்பட்டால், முதுகெலும்பிலிருந்து சிறிது திசு எடுத்துப் பார்த்துத் தெளியும்வரை, டாக்சிசைக்ளினோடு ஜென்டாமைசின் சேர்ந்த முறையைக் கேளுங்கள். ஸ்ட்ரெப்டோமைசினும் காச நோய் மருந்துதான் என்பதால் இந்த நிலையில் அது வேண்டாம். ஸ்கேனுக்கு நாள் கிடைக்கவில்லை என்று வாரக்கணக்கில் மருந்தே இல்லாமல் இருந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் இதைச் சொன்னால் எந்த மருந்தோடு தொடங்கலாம் என்று அவர் முடிவு செய்வார்.

ஆறு வாரம் ஏன் என்றால், இந்தக் கிருமி இரத்தத்தில் மிதந்துகொண்டிருப்பதோடு நிற்காமல், நம்மைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களுக்குள்ளேயே புகுந்து அங்கே உயிர் வாழக் கற்றது. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று அந்த அணுக்கள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் பதுங்கும். அணுவுக்குள் நுழையக்கூடிய மருந்தை, ஒன்றுக்கு மேற்பட்டதாக, நீண்ட நாள் கொடுத்தால்தான் அது ஒழியும். ஒரே மருந்தையோ குறைந்த நாட்களோ கொடுத்தால் திரும்பி வரும் வாய்ப்பு மிகவும் கூடும். முதல் வாரத்திலேயே காய்ச்சல் இறங்கத் தொடங்கும், பசி எடுக்கும், அவர் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவார். பத்தாம் நாளில் "நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு இன்னும் மாத்திரை" என்று கேட்பார். அந்த நேரத்தில் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும், சகோதரி. நாட்காட்டியில் குறித்து, கடைசி மாத்திரை வரை கையில் கொடுத்து விழுங்க வையுங்கள்.

டாக்சிசைக்ளினைப் பாலோடு விழுங்கக் கூடாது. பால் வீட்டில் இது எளிதில் நடந்துவிடும். பாலும், கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளும், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மருந்தும் அதை உடலில் ஏறவிடாமல் தடுக்கும் என்பதால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உணவுக்குப் பின், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வெயிலில் தோல் சிவந்து எரியும், ஆகவே முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளட்டும். ரிஃபாம்பிசினைக் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சிற்றுண்டி சாப்பிடலாம். அதனால் சிறுநீரும் வியர்வையும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும். இரத்தம் போகிறது என்று பதற வேண்டாம். கண்ணின் வெள்ளை மஞ்சளாவது, ஓயாத வாந்தி, சுத்தமாகச் சாப்பாடு இறங்காமல் போவது ஆகியவை வந்தால் மட்டும் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொடங்கும் முன்பும் இடையிலும் கல்லீரல் பரிசோதனை எடுப்பது நல்லது. மது அருந்துபவராக இருந்தால் இந்த ஆறு வாரமும் ஒரு சொட்டும் கூடாது. சர்க்கரைக்கோ வலிப்புக்கோ இரத்த உறைவுக்கோ வேறு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், ரிஃபாம்பிசின் அவற்றின் அளவைக் குறைத்துவிடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் மற்றவர்களைப் பற்றி: இந்த நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவது மிக மிக அரிது. தட்டையும் பாயையும் பிரித்து வைக்க வேண்டாம். ஆனால் அதே பாலைக் குடித்தவர்களும், அதே கொட்டகையில் கன்று வீசிய இடத்தைக் கழுவியவர்களும் அதே ஆபத்தில் இருந்திருக்கிறார்கள். உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ காய்ச்சல், மூட்டு வலி, காரணமில்லாத சோர்வு இருந்தால் இரத்தம் பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் பால் கறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, காம்பிலிருந்து வாயில் பீய்ச்சிக் குடிப்பது மாட்டு வீடுகளில் வழக்கம். அது அடியோடு நிற்க வேண்டும். இருமலுக்கு நல்லது என்று ஆட்டுப் பாலைப் பச்சையாகக் கொடுப்பதும் அப்படியே. பொங்கக் காய்ச்சிய பாலில் இந்தக் கிருமி உயிரோடு இருக்காது. காய்ச்சிய பாலில் உறை ஊற்றிய தயிருக்கும் மோருக்கும் பயமில்லை. சீம்பாலையும் நன்றாகக் கொதிக்க விட்டே சாப்பிடுங்கள்.

உங்கள் ஓரகத்திக்குக் காய்ச்சல் இல்லாவிட்டாலும், அவரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் வீட்டில் நடந்ததைச் சொல்லி ஒரு முறை பரிசோதிப்பது நல்லது. கர்ப்பத்தில் இந்தத் தொற்று வந்தால் கரு கலையும் வாய்ப்பு கூடுகிறது. நேரத்தோடு மருந்து கொடுத்தால் அந்த ஆபத்தைக் குறைக்கலாம். உங்கள் கணவருக்கு எழுதிய மாத்திரைகளை அவருக்குப் பகிர்ந்து கொடுத்துவிட வேண்டாம். டாக்சிசைக்ளினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ரிஃபாம்பிசினை அடிப்படையாகக் கொண்ட வேறு முறை அவர்களுக்கு இருக்கிறது. குழந்தை பிறக்கும்வரை அவர் மாடு ஈனும் இடத்துக்கே போகாமல் இருக்கட்டும்.

மாட்டின் பேச்சுக்கு வரும்போது, மருத்துவ வரலாற்றில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மால்டா தீவில் பிரிட்டிஷ் படைவீரர்களை வாட்டிய காய்ச்சலின் கிருமியை டேவிட் புரூஸ் 1887-இல் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது பதினெட்டு ஆண்டுகள் புலப்படவில்லை. 1905-இல் தெமிஸ்டோக்ளிஸ் சம்மிட் என்ற மால்டா மருத்துவர் வெள்ளாடுகளின் இரத்தத்தைச் சோதித்தபோதுதான், பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத ஆடுகள் பாலில் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. அடுத்த ஆண்டு படைமுகாமில் ஆட்டுப் பாலை நிறுத்தியதும் நோய் சரிந்தது. உங்கள் கொட்டகையிலும் இதுவே நடக்கலாம். ஒரு முறை கன்று வீசிய மாடு அடுத்த ஈற்றில் முழுக்கன்று ஈனும், மினுமினுப்பாக இருக்கும், பாலும் கறக்கும். ஆனால் பாலிலும், ஈனும்போது வரும் நீரிலும் கிருமி வந்துகொண்டே இருக்கும். மனிதரைப் போல மாட்டுக்கு ஆறு வார மருந்து கொடுத்துக் குணமாக்கும் வழி நடைமுறையில் இல்லை.

ஆகவே முதலில் கால்நடை மருத்துவரிடம் சொல்லி, நான்கு மாடுகளின் இரத்தத்தையும் மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நோய் உறுதியானால், அந்த மாட்டைத் தனிக் கொட்டகையில் கட்டுங்கள். ஊர்க் காளையோடு சேர்க்காதீர்கள். மேற்கொண்டு அதை வைத்துக்கொள்வதா விலக்குவதா என்பதைக் கால்நடை மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். நோயைச் சொல்லாமல் சந்தையில் விற்றுவிடும்படி உறவினர்கள் சொல்லக்கூடும். அது இன்னொரு வீட்டில் இதே இரண்டு மாதக் காய்ச்சலைக் கொண்டுபோய்க் கட்டுவதாகும் என்பதால், நஷ்டமானாலும் அதைச் செய்யாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பாலை வீடுகளுக்கோ டீக்கடைக்கோ ஊற்றுகிறீர்கள் என்றால், அவர்களிடமும் சொல்லி, மாட்டின் பரிசோதனை முடிவு வரும்வரை நிறுத்தி வையுங்கள்.

இனி எந்த மாடு கன்று வீசினாலும் இளங்கொடியைக் கையால் எடுக்க வேண்டாம். கால்நடை மருத்துவர் வரட்டும். தொட்டே ஆக வேண்டும் என்றால் முழங்கைக்கு மேல் ஏறும் கையுறையும், வாயையும் மூக்கையும் மூடும் துணியும், கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். மாடு ஈன்றதும் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் உங்கள் பக்கத்திலும் இருக்கும். வீசப்பட்ட கன்றின் இளங்கொடியை அப்படிக் கட்டவோ, நாய் இழுத்துப்போகும்படி குப்பையில் போடவோ கூடாது. கிணற்றிலிருந்து தொலைவில் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுக் கன்றோடு சேர்த்துப் புதைத்துவிடுங்கள். வெயில் படும் இடத்தில் இந்தக் கிருமி விரைவில் சாகும். ஈரமும் நிழலுமான சாணத்திலும் மண்ணிலும் மாதக்கணக்கில் இருக்கும். கொட்டகைத் தரையைக் கிருமிநாசினி ஊற்றிக் கழுவி, கூரையை விலக்கி வெயில் விடுவது பயனுள்ளது.

மருந்து முடிந்த பிறகு மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் கணவரை அழைத்துப்போய்க் காட்டுங்கள். நோய் திரும்புவது பெரும்பாலும் அந்த ஆறு மாதத்துக்குள்தான். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களிலும் நூற்றில் ஐந்து முதல் பதினைந்து பேர் வரை அப்படி ஆகிறது. அப்போதும் பெரும்பாலும் அதே மருந்துகள் வேலை செய்யும் என்பதால் மனம் தளர வேண்டாம். ஆனால் எதிர்ப்பொருள் அளவு குணமான பிறகும் மாதக்கணக்கில் உயர்ந்தே இருக்கும். அவர் தெம்பாக இருக்கும்போது அந்த எண்ணை மட்டும் பார்த்து மறுபடியும் மருந்து சாப்பிட வைக்காதீர்கள். காய்ச்சலோ வியர்வையோ முதுகு வலியோ திரும்பினால் உடனே போங்கள்.

உங்கள் கொட்டகையில் கிடேரிக் கன்று இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், நான்கு மாதம் முதல் எட்டு மாதம் வரையுள்ள கிடேரிகளுக்கு வாழ்நாளில் ஒரே முறை போடும் தடுப்பூசி இருக்கிறது. 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இலவசமாகப் போடப்படுகிறது. காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் இது கிடையாது. வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியால் செய்த ஊசி என்பதால், கன்றைப் பிடித்துக்கொள்பவர் கையில் குத்திவிட்டாலும் கண்ணில் தெறித்தாலும் மனிதருக்கு நோய் வரக்கூடும். உங்கள் கணவர் குணமாகும்வரை கன்றைப் பிடிக்கும் வேலையை வேறொருவர் செய்யட்டும். எட்டு மாதம் தாண்டினால் வாய்ப்பு போய்விடும், ஆகவே இரத்தம் எடுக்கக் கால்நடை மருத்துவர் வரும் அன்றே இதையும் கேட்டுவிடுங்கள்.